ஏழுக்கு ஏழு

— ஃபெயில் போடணுமா? தம்பி, பாஸ் போடுங்கன்னு சொல்ல வந்து வாய் மாறிடுச்சா உங்களுக்கு?

— மாறல சார். ஃபெயில்தான். என் வண்டிக்கு பிரேக் சரியில்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நான் பாட்டுக்குப் போயிடுறேன்.

— நான் இந்த நாற்காலியில உக்காந்து பதினாலு வருஷம் ஆச்சு. வண்டியைத் தோள்ல தூக்காத குறையா கொண்டு வந்து, பாஸ் போடுங்கய்யான்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். ஃபெயில் வேணும்னு வரிசையில நின்னு வந்திருக்கீங்களே, வீட்டுல எதுவும் சண்டையா?

— வீட்டுல ஒண்ணும் இல்ல சார். இறக்கத்துலதான் சண்டை. எனக்கும் வண்டிக்கும்.

— புரியற மாதிரி சொல்லுங்க. நீங்க பேசிக்கிட்டு இருக்கறது இந்த வண்டிப் பரிசோதனை நிலையத்தோட முதன்மை ஆய்வாளர்கிட்ட. வெளிய பலகையில பாத்திருப்பீங்க.

— பாத்தேன் சார். எட்டு அடிப் பலகை, பாக்காம எப்படி. அதான் கவுன்ட்டர்ல நிக்காம நேரா உங்க ரூமுக்கே வந்தேன். நான் பார்சல் போடுற ஆளு சார். கம்பெனி டூவீலர். இருபத்திரெண்டு வருஷத்துப் பழசு. முதல் தடவை பிரேக் போட்டா நிக்குது. ரெண்டாவது தடவையும் நிக்குது. தண்ணித்தொட்டி இறக்கத்துல வளைவுக்கு வளைவு போட்டுக்கிட்டே வரணும் இல்லியா, நாலாவது தடவை போடும்போது சூடாகி வழுக்குது. லிவர் கைப்பிடியோட வந்து ஒட்டிக்குது. மிதிச்சா சேத்துல காலை வச்ச மாதிரி உள்ள போகுது. போன வாரம் செருப்பைத் தேச்சு நிறுத்தினேன். இந்தப் பாருங்க அடியை.

— செருப்பை மேஜைக்கு மேல தூக்காதீங்க. ஏம்மா, இந்த வண்டியோட ஃபைலை எடு.

— எடுத்துட்டேன் ஐயா. உங்க முழங்கைக்குக் கீழ இருக்கு.

— ம். போன செவ்வாய்க்கிழமை பாத்திருக்கோம். முன் பிரேக், நன்று. பின் பிரேக், நன்று. ஒருத்தர் எழுதினது இல்ல தம்பி. ஏழு ஆய்வாளர்கள், தனித்தனியா. ஏழு பேரும் நன்று. ஏழுக்கு ஏழு.

— ஏழு பேரும் ஓட்டியா பாத்தாங்க?

— ஓட்டறதா? இது என்ன கண்காட்சியா? வண்டியை உருளை மேல ஏத்துவோம், உருளை சுத்தும், பிரேக்கை அழுத்துவோம். மெஷின் ஒரு எண் காட்டும். எழுதுவோம்.

— எத்தனை தடவை அழுத்துவீங்க சார்?

— ஒரு தடவை.

— அதான் சார் விஷயமே. ஒரு தடவை அழுத்தினா அது நல்ல பிள்ளை. நாலு தடவை அழுத்திப் பாருங்க, குணம் தெரியும்.

— நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு தம்பி. ஒரு தடவைன்னா ஒரு தடவை. நாலு தடவை அழுத்தறதுக்கு அது என்ன வாசல் மணியா?

— உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். வண்டி வாசல்லயே நிக்குது. இந்தத் தங்கச்சி அழுத்தட்டும், நீங்க நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே வேண்டாம்.

— நான் ஏற்கெனவே அழுத்தியிருக்கேன் அண்ணே.

— ஏம்மா.

— இல்லை ஐயா, அவர் கேக்குறாரேன்னு சொல்றேன். போன வருஷம் ஒரு சுற்றுல, இதே வண்டியில. ஓட்டிக்கிட்டு வந்தவரு ரொம்பக் கேட்டுக்கிட்டாரு. நாலு தடவை அழுத்தினேன். நாலாவது தடவை மெஷின்ல முள் எழுந்திரிக்கவே இல்ல. குறைபாடுன்னு எழுதினேன்.

— அப்புறம்?

— ஆறு பேரு நன்று, நான் ஒருத்தி குறைபாடு. அதனால குறைபாடு வண்டியில இல்ல, எங்கிட்டன்னு முடிவாச்சு. ரெண்டு வாரம் பயிற்சிக்கு அனுப்பினாங்க.

— என்ன பயிற்சி தங்கச்சி?

— ஒரு தடவை அழுத்தற பயிற்சி.

— நீ போய் அந்தத் திரைச்சீலை சரியா தொங்குதான்னு பாரும்மா.

— தொங்குது ஐயா. இங்கேயிருந்தே தெரியுது.

— தம்பி, நீங்க உக்காருங்க. உங்களுக்கு விளக்கிச் சொன்னாப் புரியும், பாத்தா விவரமான ஆளாத் தெரியறீங்க. பரிசோதனைன்னா என்ன? இன்னைக்கு ஒருத்தர் பாத்துட்டு நல்லா இருக்குங்கறாரு, நாளைக்கு இன்னொருத்தர் பாத்துட்டு நல்லா இல்லைங்கறாரு. அப்ப ஜனங்க யாரை நம்புவாங்க? அதனால மேலிடம் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. ஒவ்வொரு நிலையத்துலயும் ஒரு பழைய வண்டியை ஒப்பீட்டு வண்டியா வச்சுக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஆய்வாளரும் அதையே பரிசோதிக்கணும். எல்லார் முடிவும் ஒண்ணா இருந்தா அந்த நிலையம் நம்பகமானது. இதுல என்ன தப்பு?

— தப்பு ஒண்ணும் இல்ல சார். கேக்க நல்லா இருக்கு.

— உங்க வண்டிதான் எங்க ஒப்பீட்டு வண்டி. சுவர்ல அந்த வரைபடத்துல இருக்கற கோட்டைப் பாருங்க. மலை ஏறுற மாதிரி இருந்த கோடு, இப்ப மேஜை மாதிரி சமமா இருக்கு. நூத்துக்கு நூறு. இன்னைக்கு மூணு மணிக்கு மேலிடத்துலேர்ந்து கேடயம் எடுத்துக்கிட்டு வர்றாங்க. உங்க வண்டியால கிடைச்ச கேடயம். நீங்க பெருமைப்படணும்.

— பெருமையாத்தான் இருக்கு சார். ஆனா ஏழு பேரும் சேந்து ஒரே தப்பைச் சொன்னா, அது சரின்னு ஆயிடுமா?

— தப்புன்னு யாரு சொல்றது?

— நான் சொல்றேன்.

— நீங்க ஒருத்தர். அங்க ஏழு பேரு.

— அந்த ஏழு பேருல நாலு பேருதான் வண்டியைப் பாத்தாங்க அண்ணே. மிச்ச மூணு பேரு, பாத்தவங்களைப் பாத்தாங்க.

— திரும்பப் பயிற்சிக்குப் போகணுமா உனக்கு?

— இல்லை ஐயா. நல்லாப் பழகிட்டேன்.

— சரி சார். ஃபெயில் வேண்டாம். விட்டுடுங்க. என் செலவுல நானே பிரேக்கை மாத்திக்கிறேன். அதுக்காவது வழி பண்ணுங்க. மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். குனிஞ்சு பாத்துட்டு, பாம்பைப் பாத்த மாதிரி பின்னாடி போயிட்டான். கம்பியில ஏதோ ஈய முத்திரை தொங்குதாம், தொட்டா அவன் கடையைப் பூட்டணுமாம்.

— சரியாச் சொல்லியிருக்கான், விவரமான ஆளு. அது எங்க முத்திரை. ஒப்பீட்டு வண்டியில பிரேக்கை மாத்தக் கூடாது. மாத்திட்டா போன தடவை எடுத்த முடிவையும் அடுத்த தடவை எடுக்கப் போற முடிவையும் எப்படி ஒப்பிடறது?

— நல்லா இருக்குன்னும் எழுதுவீங்க, நல்லாக்கவும் விடமாட்டீங்க.

— நல்லா இருக்கறதை எதுக்கு நல்லாக்கணும்?

— சார், நான் ஒண்ணும் படிச்சவன் இல்ல. எனக்கு எங்க போய் முட்டிக்கறதுன்னு தெரியல. மேனேஜர்கிட்ட போனேன். ஃபெயில் சீட்டு கொண்டா, அடுத்த நிமிஷம் வேற வண்டி தர்றேங்கறாரு. பாஸான வண்டியை ஓட்ட மாட்டேன்னா, நீ வேலைக்கு வர மாட்டேன்னு அர்த்தம்கறாரு. இங்க வந்தா பாஸ். மெக்கானிக்கிட்ட போனா முத்திரை. கதவு கதவாத் தட்டுறேன், எல்லாக் கதவுக்குப் பின்னாடியும் அதே சுவர்.

— உங்க கம்பெனி ரொம்ப ஒத்துழைப்பான கம்பெனி. இந்த ஒரு வண்டியைக் கேட்டோம், குடுத்தாங்க. அதுக்குப் பதிலா அவங்களோட மத்த நாப்பது வண்டியும் இங்க வரிசையில நிக்காமப் போயிடும். அந்த மரியாதையைக் காப்பாத்த வேண்டியது உங்க பொறுப்பும்தான்.

— என் பொறுப்பு என்னன்னா சார், ரெண்டு குடும்பம். என்னுது ஒண்ணு. என் சம்சாரத்தோட அண்ணன் குடும்பம் ஒண்ணு. மச்சான் இதே கம்பெனியில பார்சல் போட்டாரு. போன வருஷம் அதே இறக்கத்துல, கடைசி வளைவுல மதில்ல மோதிப் போய்ச் சேந்துட்டாரு. கம்பெனிக்காரங்க வந்து வீட்டுல உக்காந்து, அவர் வேலையை உங்களுக்கே குடுக்குறோம்னாங்க. தெய்வமே இறங்கி வந்துட்ட மாதிரி கையெடுத்துக் கும்பிட்டேன். ஒன்பது மாசமா ஓட்டுறேன். வேலையை விட்டா ஒரே நாள்ல ரெண்டு அடுப்பு அணையும். விடாம ஓட்டினா எந்த வளைவுல அணைவேன்னு தெரியல. இன்னைக்கு மேல பதினோரு பார்சல் இருக்கு. ஏறிப் போயிடுவேன். இறங்கணும் இல்லியா.

— மெதுவா இறங்குங்க.

— மெதுவா இறங்கணும்னாலே பிரேக் வேணுமே சார்.

— உங்க மச்சான் விஷயம் வருத்தம்தான். ஆனா அதுக்குக் காரணம் வண்டியா இருக்காது. பெரும்பாலும் ஓட்டுறவங்க கவனக்குறைவு.

— அப்படித்தான் எழுதியிருந்தாங்க. ஓட்டுநரின் கவனக்குறைவுன்னு. என் சம்சாரம் இன்னும் அவரைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா. போனை நோண்டிக்கிட்டே போயிருப்பான் கழுதைன்னு. அவளுக்கு அழ வரல, திட்ட வருது.

— சரி, விடுங்க. நடந்தது நடந்துடுச்சு. நல்லவேளை நீங்களே வந்தீங்க, இல்லன்னா ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கணும். வண்டியோட படிவத்துல புது ஓட்டுநர் பக்கம் இன்னும் காலியா இருக்கு, அடுத்த சுற்றுக்குள்ள உங்க கையெழுத்து வேணும். மூணு மணிக்கு வர்றவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஏம்மா, படிவம்.

— இந்தாங்க அண்ணே. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மேல இருக்கறதைப் படிச்சுடுங்க.

— படிக்க என்ன இருக்கு, வழக்கமானதுதான். கீழ போடுங்க தம்பி.

— ஒரு நிமிஷம் சார். சேந்த நாள்... ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னு போட்டிருக்கே. நான் ஓட்டறது ஒன்பது மாசம்தானே.

— நீங்க ஒன்பது மாசம். வண்டி ரெண்டு வருஷம். எட்டு சுற்று முடிச்சிருக்கு.

— எனக்கு முன்னாடி யாரு ஓட்டினது?

— அது எங்களுக்குத் தேவையில்லாத தகவல். நாங்க வண்டியைத்தான் பரிசோதிக்கிறோம், ஆளை இல்ல.

— ரெண்டாம் பக்கம் திருப்புங்க அண்ணே. முந்தின ஓட்டுநர்னு ஒரு வரி இருக்கும்.

— ...இது என் மச்சான் பேரு.

— ஆமாம் அண்ணே.

— இல்லம்மா, ஏதோ மாறியிருக்கு. மச்சான் வண்டி செவப்பு. தூரத்துல வரும்போதே தெருவுல பிள்ளைங்க சொல்லும், செவப்பு வண்டி வருதுன்னு. இது கறுப்பு.

— டேங்க் நசுங்கிப் போச்சு. கறுப்புல ஒண்ணு கிடைச்சுது, மாத்தினாங்க. ஹேண்டில்பாரையும் மாத்தினாங்க. முத்திரை போட்ட இடத்தைத் தொடல. சேஸிஸ் நம்பர் ஒண்ணுதான், வெளிய போய்ப் பாத்துக்குங்க.

— சார், இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது.

— சரியாத்தான் சொல்லுது. விபத்துக்கு மறுநாளே வண்டி இங்க வந்துடுச்சு. நாங்க ஒண்ணும் ஊகத்துல பேசறவங்க இல்ல தம்பி. முறைப்படி உருளை மேல ஏத்தினோம். சக்கரம் சுத்துச்சு, அழுத்தினோம், பிடிச்சுது. நன்று. அன்னைக்கும் ஏழுக்கு ஏழு. அதை வச்சுத்தான் கவனக்குறைவுன்னு எழுத முடிஞ்சுது.

— அப்போ ஏழு பேருல நீயும் இருந்தியாம்மா?

— இருந்தேன் அண்ணே. பயிற்சி முடிஞ்சு வந்த முதல் வாரம்.

— நாலு தடவை அழுத்துன்னு உங்கிட்ட கேட்டுக்கிட்டது...

— உங்க மச்சான்தான்.

— ஒன்பது மாசமா அவர் செத்த வண்டியில உக்காந்து போய்க்கிட்டு இருக்கேன். தினம் காலையில அவர் பொண்ணுதான் சீட்டைத் துடைச்சுக் குடுக்கும்.

— தம்பி, மனசு கஷ்டமாத்தான் இருக்கும், இல்லைங்கல. ஆனா இதை இப்படிப் பாருங்க. விபத்துக்கு முன்னாடியும் நன்று, பின்னாடியும் நன்று. எந்த நிலையத்துக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வண்டி? மேலிடத்துல இதைத்தான் தனியாக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்காங்க. கையெழுத்துப் போடுங்க, மணி ரெண்டேகால் ஆச்சு.

— போடலன்னா?

— போடலன்னா கம்பெனி உங்களை எடுத்துட்டு மாற்று ஓட்டுநரைப் போடும். திட்டம் நின்னுடக் கூடாது இல்லியா, அதுக்காகவே அந்தக் கட்டம் இருக்கு. ஓட்டுநருக்கு ஏதாவது ஆச்சுன்னாலோ, அவர் விலகிட்டாலோ, வண்டியை அடுத்து யாரு எடுக்கணும்னு அவரே எழுதிக் குடுத்துடணும்.

— மச்சான் யாரை எழுதினாரு?

— நீங்க பாத்துக்கிட்டு இருக்கற பக்கத்துலதான், அடியில.

— என்னையா? என் பேரு இங்க எப்படி வந்துச்சு? நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே.

— மாற்று ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டியதில்ல. அவரோட சம்மதமும் தேவையில்ல. டூவீலர் லைசென்ஸ் இருக்கணும், பேர் தெளிவா இருக்கணும், அவ்வளவுதான் விதி. கம்பெனி அந்தப் பேரைப் பாத்துத்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கும்.

— கருணையில வந்தாங்கன்னு நினைச்சேன்.

— அவர் ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு அண்ணே. வெறுமனே விட்டுடலாமான்னு கேட்டாரு. விட முடியாதுன்னு ஐயா சொல்லிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு லைசென்ஸ் இருக்கறது தங்கச்சி புருஷன் ஒருத்தர்தான்னாரு. எழுதிட்டு, அவர் வர வேண்டி இருக்காதும்மா, நான் பாத்து ஓட்டிக்குவேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு.

— பாரேன், என் பேருல ஒரு எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கு. சரி சார், ரெண்டு அடுப்பு எரியணுமே, போட்டுடுறேன்.

— கதை பேச நேரமில்ல. கையெழுத்துப் போட்டாச்சா? நல்லது. இப்ப அந்தக் கட்டத்தையும் நிரப்பிடுங்க. வெறுமனே இருந்தா படிவம் செல்லாது.

— என் சம்சாரத்துக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது சார். என் பிள்ளைங்க சின்னதுங்க. எனக்குன்னு யாரும் இல்ல.

— யோசிங்க. வீட்டுல வேற யாருகிட்டயும் லைசென்ஸ் இல்லியா?

— மச்சான் பொண்ணு போன மாசம்தான் எடுத்துச்சு. பத்தொம்பது வயசு. வேலைக்குப் போனா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும் மாமான்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

— பாருங்க, பிரச்சனை முடிஞ்சுது. சீட்டைத் துடைக்குற பொண்ணுதானே? வண்டி ஏற்கெனவே பழக்கம். எழுதுங்க.

— ஐயா, வேண்டாம் ஐயா. அந்தப் பொண்ணு பேரை மட்டும் எழுதச் சொல்லாதீங்க.

— நீ எதுக்கும்மா குறுக்க வர்ற? விதியில எங்கயாவது பொண்ணு கூடாதுன்னு இருக்கா? ஓட்டுநருக்குத் தெரிஞ்ச ஆளு, லைசென்ஸ் உள்ள ஆளு. யாரா இருந்தாலும் சரி.

— யாரா இருந்தாலும் சரிங்களா சார்?

— யாரா இருந்தாலும் சரி தம்பி, எழுதுங்க.

— எழுதினதுக்கு அப்புறம் அடிக்கக் கூடாதாம்மா?

— அடிச்சா, திருத்தினா செல்லாது அண்ணே. இருக்கறதே ஒரு படிவம். புதுசு வரணும்னா மேலிடத்துலேர்ந்துதான் வரணும். வர்றவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க.

— சார், நீங்க இங்க எதுல வர்றீங்க?

— நான் கார்ல வருவேன். ஏன்?

— டூவீலர் லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?

— என்ன கேள்வி இது? அது இல்லாம முதன்மை ஆய்வாளர் ஆக முடியுமா? முப்பது வருஷமா இருக்கு. போன வருஷம்தான் புதுப்பிச்சேன்.

— நல்லதாப் போச்சு. பலகையில பதவிதான் சார் போட்டிருக்கு. உங்க முழுப் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.